சேலத்துல பேட்டண்ட் எழுதி குடுக்கற ஒரு ஆபீஸ் பத்தி என் அனுபவம் (ஆப்பிள் சாம்சங் கேஸும் நடுவுல வரும்)

ரிவ்யூனு உக்காந்து எழுதறது எனக்கு இதுதான் முதல் தடவை. ஹோட்டல், கடைக்கெல்லாம் ஸ்டார் மட்டும் குடுத்துட்டு போயிடுவேன். இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா நம்ம சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி பக்கம் கொலுசு பட்டறை வெச்சிருக்கறவங்க, சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்கு மிஷின் செஞ்சு குடுக்கறவங்க, லேத் வெச்சிருக்கறவங்க எத்தனையோ பேர் புதுசு புதுசா கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க, ஆனா பேட்டண்ட் (புது கண்டுபிடிப்புக்கு கவர்மெண்ட் குடுக்கற தனி உரிமை) போட யார்கிட்ட போகணும், போனா மொதல்ல என்ன கேக்கணும்னு யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல, அதுல ஒரு தடவை பணமும் போச்சு, எட்டு மாச நிம்மதியும் போச்சு.

ஆபீஸ் பேர் இங்க போடல. அத நடத்தற மேடம் வக்கீலும் கூட, வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு, எழுதுங்க ஆனா பேர் வேணாம்ணான்னு அவங்களே சொல்லிட்டாங்க. அஸ்தம்பட்டி பக்கம் இருக்கு, அவ்வளவுதான். வேணுங்கறவங்க கோர்ட் பக்கம் விசாரிச்சாலே சொல்லிடுவாங்க, சேலத்துல இந்த வேலை மட்டும் பாக்கறவங்க கொஞ்ச பேர்தான்.

முதல்ல என் கதை. கொலுசுல முத்து பத்தவைக்கறப்ப (சூடு காட்டி ஒட்டறப்ப) கைல இடுக்கி பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைல டார்ச் காட்டணும், ஒரு முத்து சாய்ஞ்சா அந்த வரிசையே கோணலாயிடும், திரும்ப பிரிச்சு பத்தாசு (ஒட்டறதுக்கு உருக்கற உலோகம்) வெச்சு பத்தவைக்கணும், வெள்ளி சேதாரம் வேற. எங்கப்பா காலத்துல இருந்து இதே கதைதான். அதுக்கு ஒரு கருவி செஞ்சேன், கொலுச அதுல மாட்டிட்டா முத்து எல்லாம் அதது எடத்துல நிக்கும். உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு இங்க சொல்லமாட்டேன், அப்ளிகேஷன் இன்னும் பப்ளிஷ் ஆகல. ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரி உக்காந்து செஞ்சது, நாலு தடவை தூக்கி போட்டுட்டு மறுபடி எடுத்தது.

அப்ப நெட்ல தேடி ஒரு பெரிய ஊர் கன்சல்டன்ட்ட பிடிச்சேன். எல்லாம் போன்லயேதான், நேர்ல பாத்ததே இல்ல. 35,000 வாங்கிட்டு புரொவிஷனல் போட்டு குடுத்தார். புரொவிஷனல்னா முழுசா எழுதாம ஐடியாவ மட்டும் சொல்லி ஒரு தேதி பிடிச்சு வெக்கறது, அந்த தேதில இருந்து 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன் (கண்டுபிடிப்ப முழுசா விளக்கி எழுதறது) போடணும், போடலைன்னா கைவிட்டதா கணக்கு. எட்டு மாசம் கழிச்சு பேட்டண்ட் ஆபீஸ் வெப்சைட்ல சும்மா தேடிட்டிருந்தேன் (யார் வேணாலும் இலவசமா தேடலாம், பழகிக்கங்க), எங்க தொழிலுக்கு மிஷின் விக்கற இன்னொருத்தரோட அப்ளிகேஷன் அப்பதான் பப்ளிஷ் ஆகி இருந்துச்சு. அதுவும் கொலுசு பத்தவைக்கற மிஷின்தான். கீழ தபால் முகவரினு ஒரு இமெயில், பாத்தா எனக்கு எழுதி குடுத்த அதே ஆளோட இமெயில்.

எனக்கு கை கால் எல்லாம் ஆடிடுச்சு. அவர் என் ஐடியாவ தூக்கி குடுத்துட்டார்னு நான் சொல்லல, சொல்லவும் கூடாது, ஏன்னா அந்த அப்ளிகேஷன் தேதி என்னோடதுக்கு பத்து மாசம் முன்னாடி. ஆனா நான் போன் பண்ணி என் மிஷின் பத்தி ஒவ்வொண்ணா சொல்லும்போது இவர் என் போட்டிக்காரருக்கும் எழுதி குடுத்திருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லலயே. போன் பண்ணி கேட்டேன். பதட்டமே இல்லாம ஒரே வரில முடிச்சுட்டார், "நீங்க கேக்கலயே சார்".

அந்த வார்த்தை ரொம்ப நாள் தூங்க விடல. நிஜமாவே நான் கேக்கலதான்.

சரி, அஸ்தம்பட்டி ஆபீஸ்க்கு வரேன். மாமா ஒருத்தர் சொல்லித்தான் போனேன், புரொவிஷனலோட 12 மாச கெடுவுக்கு நாலு மாசம்தான் மிச்சம் இருந்துச்சு. ரெண்டாவது மாடி, சின்ன ரூம், ரெண்டு மேஜை, சுவரோரம் ஃபைல் அடுக்கு. மேடம் இன்ஜினியரிங் படிச்சுட்டு பேட்டண்ட் ஏஜெண்ட் (நமக்காக பேட்டண்ட் எழுதி ஆபீஸ்ல போடறவங்க) பரீட்சை பாஸ் பண்ணிட்டு அப்புறமா லா படிச்சவங்க. இத ஏன் சொல்றேன்னா பேட்டண்ட் ஏஜெண்ட் ஆகணும்னா சயின்ஸோ இன்ஜினியரிங்கோ டிகிரி இருக்கணும், வெறும் வக்கீல்னா அந்த பரீட்சைய எழுதவே முடியாது, பல பேருக்கு இது தெரியாம போர்டுல பேட்டண்ட்னு பாத்ததும் உள்ள போயிடறாங்க.

உக்காந்ததும் நான் பையில இருந்து கருவிய எடுத்தேன். மேடம் கைய காட்டி நிறுத்திட்டாங்க. "அண்ணா, அத வெளிய எடுக்காதீங்க, முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்"னாங்க. என்ன தொழில்னு மட்டும் கேட்டாங்க, கொலுசுன்னேன். கொலுசு தொழில்லயே ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதி குடுத்திருக்கேன், யார்னு சொல்லமுடியாது, பத்தவைக்கற வேலைக்கு சம்பந்தம் இல்லாதது, ஆனா நாளைக்கு அவருக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் தகராறுனா நான் ரெண்டு பேருக்குமே நிக்கமாட்டேன், இது உங்களுக்கு சம்மதம்னா பைய திறங்க, இல்லைன்னா வேற ரெண்டு பேர் நம்பர் தரேன், இன்னைக்கு பேசுனதுக்கு காசு வேணாம்னாங்க. சொன்னதோட விடல, அதையே ஒரு பேப்பர்ல டைப் பண்ணி கையெழுத்து போட்டு ஒரு காப்பி என் கைல குடுத்தாங்க.

எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. முந்தின ஆள் கதைய அப்படியே கொட்டிட்டேன், கேக்கலயேனு அவர் சொன்னது உட்பட. மேடம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் டீ சொல்லிட்டு, அண்ணா இதே பிரச்சனை உலகத்துலயே பெரிய பேட்டண்ட் கேஸ்ல வந்திருக்கு தெரியுமான்னு ஆப்பிள் சாம்சங் கேஸ் சொல்ல ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரம் சொல்லியிருப்பாங்க. வீட்டுக்கு வந்து மூணு ராத்திரி அத பத்தியே தேடி தேடி படிச்சேன், அதையும் இங்க எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா நான் அந்த ஆபீஸ்க்கு ஏன் இவ்வளவு மரியாதை குடுக்கறேன்னு அப்பதான் புரியும்.

2011 ஏப்ரல்ல ஆப்பிள் கலிபோர்னியால சாம்சங் மேல கேஸ் போட்டாங்க. எங்க ஐஃபோன் மாதிரியே செஞ்சுட்டீங்கன்னு. என்னென்ன பேட்டண்ட்னா, லிஸ்ட் கடைசி வரைக்கும் தள்ளினா ரப்பர் மாதிரி துள்ளி திரும்பி வருமே அது ஒண்ணு, ரெண்டு விரல்ல பெருசாக்கறது சம்பந்தமா ஒண்ணு, ரெண்டு தட்டு தட்டினா பெருசாகறது ஒண்ணு, அப்புறம் போன் முகப்பு எப்படி இருக்கு, ஐகான் எப்படி அடுக்கியிருக்குனு டிசைன் பேட்டண்ட் தனியா. 2012 ஜூலை கடைசில சான் ஹோசே கோர்ட்ல லூசி கோ அப்படிங்கற நீதிபதி முன்னாடி விசாரணை. அங்க இந்த மாதிரி ஜூரி கேஸ்ல யார் பக்கம் சரினு நீதிபதி சொல்லமாட்டாங்க, பொதுமக்கள்ல இருந்து எடுத்த ஜூரிதான் சொல்லும். இந்த கேஸ்ல ஒம்பது பேர். 700க்கு பக்கமா கேள்வி, அதோட நூறு பக்கத்துக்கு மேல சட்ட விளக்கம். மூணு நாளுக்குள்ள முடிச்சுட்டாங்க. ஆகஸ்ட் 24ந் தேதி தீர்ப்பு, சாம்சங் நூறு கோடி டாலருக்கு மேல கட்டணும், சரியா சொன்னா 1,049,343,540 டாலர். இதுல கூட ஜூரி முதல்ல கொஞ்சம் அதிகமா போட்டுட்டாங்க, தப்பு பண்ணலன்னு அவங்களே சொன்ன ஒரு டேப்லெட்டுக்கும் சேத்து நஷ்டஈடு எழுதிட்டாங்க, திருப்பி அனுப்பி திருத்த வெச்சாங்க. சாம்சங் எதிர்த்து போட்ட பேட்டண்ட்டுக்கு ஒரு பைசா கிடைக்கல.

அதுக்கப்புறம்தான் விஷயமே. ஜூரியோட தலைவரா இருந்தவர் டிவி, பத்திரிகைனு நிறைய பேட்டி குடுத்தார். அவர் பேர்லயே ஒரு பேட்டண்ட் இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி வீட்ல யோசிச்சப்ப, இது என் பேட்டண்டா இருந்தா நான் காப்பாத்த முடியுமானு நினைச்சு பாத்ததாவும், மறுநாள் அத மத்த ஜூரிகளுக்கு விளக்கினதாவும் சொன்னார். பழைய கண்டுபிடிப்புல ஓடற சாஃப்ட்வேர் ஆப்பிள் பிராசஸர்ல ஓடாது, ஆப்பிளோடது அதுல ஓடாது, அதனால அது இதுக்கு முன்னோடினு எடுத்துக்க முடியாதுங்கற மாதிரி அவர் விளக்கம். இது சட்டப்படி தப்புன்னு சாம்சங் பக்கம் சொன்னாங்க. மேடம்கிட்டயும் கேட்டேன், பழைய பொருளயும் புது பொருளயும் மாத்தி மாட்ட முடியுமாங்கறது கேள்வியே இல்லண்ணா, அந்த ஐடியா முன்னாடியே வெளிய வந்திருச்சாங்கறதுதான் கேள்வினு சொன்னாங்க. எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்லணும்னா, சிவதாபுரத்துல ஒரு பட்டறைல இருக்கற அச்சு என் பட்டறை பிரஸ்ல உக்காராதுங்கறதால அந்த அச்சையே நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்னு சொல்லிட முடியுமா?

இத விட பெருசு ஒண்ணு. ஜூரி எடுக்கும்போது நீதிபதி எல்லாரையும் கேட்டாங்க, நீங்களோ உங்க குடும்பமோ நெருங்கினவங்களோ ஏதாச்சும் கேஸ்ல இருந்திருக்கீங்களானு. அந்த ஜூரி தலைவர் ஒரு கேஸ் சொன்னார், இன்னொண்ண சொல்லல. சொல்லாதது, அவர் முன்னாடி வேலை பாத்த ஹார்ட் டிஸ்க் கம்பெனி சீகேட்டோட வீட்டுக்கடன் சம்பந்தமா வந்த தகராறு, 1993ல அவர் திவால் மனு வரைக்கும் போனது. சாம்சங் என்ன சொன்னாங்கன்னா, 2011ல எங்க ஹார்ட் டிஸ்க் பிசினஸ சீகேட்டுக்கு வித்தோம், அதுல சீகேட்ல கிட்டத்தட்ட பத்து சதவீத பங்கு எங்களுக்கு வந்துச்சு, அப்ப சீகேட் மேல கோவம் இருக்கற ஆளுக்கு எங்க மேலயும் கோவம் இருக்கும், அத மறைச்சுட்டு ஜூரில உக்காந்துட்டார், மறுபடி விசாரணை வேணும்னாங்க. அதோட, அந்த பழைய கேஸ்ல சீகேட்டுக்கு ஆஜரான வக்கீலோட மனைவி சாம்சங்கோட வக்கீல் கம்பெனிலயே பார்ட்னர்.

அந்த ஜூரி தலைவர் தரப்பும் சொல்லணும். பத்து வருஷத்துக்குள்ள உள்ள கேஸ்தான் கேட்டாங்க, காலக்கெடு இல்லாம கேட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பேன்னு பேட்டில சொன்னார். ஆனா கோர்ட் ரெக்கார்டுல பத்து வருஷம்னு எதுவும் இல்ல, கேள்வி பொதுவாத்தான் இருந்துச்சு. இருபது வருஷம் முந்தின விஷயம் ஒருத்தருக்கு நிஜமாவே ஞாபகம் வராம போயிருக்கலாம், கேள்விய தப்பா புரிஞ்சிருக்கலாம், அவர் மனசுல பகை இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். கோர்ட்டும் அப்படி எங்கயும் சொல்லல.

2012 டிசம்பர் 17ல நீதிபதி சாம்சங் மனுவ தள்ளுபடி பண்ணிட்டாங்க. காரணம்தான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு. அவர் சீகேட்ல வேலை பாத்தத ஜூரி எடுக்கும்போதே சொல்லிட்டார், அப்பவே நீங்க மேல கேள்வி கேட்டிருக்கலாம், திவால் ஃபைல எடுத்து பாத்திருக்கலாம், தீர்ப்பு உங்களுக்கு எதிரா வந்தப்புறம் தேடிக்கிட்டு வந்து இப்ப சொல்றது செல்லாதுங்கற மாதிரி. அப்புறம் ஜூரி ரூமுக்குள்ள என்ன பேசினாங்கன்னு ஜூரியையே கூப்ட்டு சாட்சி வாங்க அங்க சட்டம் விடாது, பேட்டில என்ன சொல்லியிருந்தாலும் அத வெச்சு தீர்ப்ப உடைக்க முடியாது.

அதாவது என்ன சொல்லிட்டாங்க, நீங்க கேக்கலயேன்னுதான சொல்லிட்டாங்க! என்கிட்ட அந்த கன்சல்டன்ட் சொன்ன அதே வார்த்தை. சட்டப்படி பாத்தா அது சரியாவே இருக்கலாம், இல்லைன்னா தோத்தவங்க எல்லாம் ஒவ்வொரு ஜூரியோட முப்பது வருஷத்து சரித்திரத்த தோண்டிக்கிட்டே இருப்பாங்க, எந்த கேஸும் முடியாது, இது எனக்கு புரியுது. ஆனா புரியறதுக்கும் மனசு ஏத்துக்கறதுக்கும் தூரம் இருக்கு. அவ்வளவு பெரிய சாம்சங்குக்கே, அத்தனை வக்கீல் வெச்சிருந்தும் கேக்க தோணல, சிவதாபுரத்துல ஒரு பட்டறைக்காரனுக்கு எப்படி தோணும்? தனக்கு என்ன தொடர்பு இருக்குனு தெரிஞ்சது அந்த ஆளுக்கு மட்டும்தான. தெரிஞ்சவங்கதான் வாய திறக்கணும். தெரியாதவன் எதனு கேப்பான்?

இன்னொண்ணும் யோசிச்சேன். அந்த ஜூரி தீர்ப்பு தப்புனு வெச்சுக்க முடியாது, சரியாவே கூட இருந்திருக்கலாம். ஆனா இந்த விஷயம் வெளிய வந்ததும், சரியான பகுதி மேலயும் சந்தேகம் ஒட்டிக்கிச்சு. என் புரொவிஷனலும் அப்படித்தான், அந்த ஆள் எழுதினது மோசம் இல்லன்னு மேடமே சொன்னாங்க, ஆனா நான் அத படிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியா, இத வேணும்னே லேசா எழுதினானோ, அந்த மிஷின்காரருக்கு இடிக்கக்கூடாதுன்னு விட்டுட்டானோன்னுதான் ஓடுச்சு.

கேஸ் அதோட முடியல. 2013 மார்ச்ல நஷ்டஈட்டுல சுமார் 45 கோடி டாலர் கணக்கு தப்புன்னு நீதிபதி ரத்து பண்ணாங்க, அதுக்கு மறுபடி ஜூரி வெச்சு 2013 நவம்பர்ல 29 கோடி டாலர், 2016 டிசம்பர்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் எட்டு பேரும் ஒரே குரல்ல டிசைனுக்கு நஷ்டஈடு முழு போனுக்கும்தான் போடணும்னு இல்லனு சொல்லிட்டாங்க, 2018 மே மாசம் இன்னொரு ஜூரி சுமார் 54 கோடி, ஜூன்ல ரெண்டு பேரும் சமாதானமா போயிட்டாங்க. ஏழு வருஷம்.

நம்ம நாட்ல இதுக்கு ஜூரி கிடையாது. ஜூரி முறையே நானாவதி கேஸுக்கு (கடற்படை அதிகாரி ஒருத்தர் மேல வந்த பழைய கொலை கேஸ்) அப்புறம் மெல்ல மெல்ல போயிடுச்சு, பேட்டண்ட் கேஸ்னா நீதிபதிதான் கேப்பார். மேடம் பஜாஜ் டிவிஎஸ் கேஸ சொன்னாங்க, நம்ம பக்கத்து ஓசூர் டிவிஎஸ்தான், 2007 கடைசில ஃபிளேம் வண்டி விட்டாங்க, ரெண்டு ஸ்பார்க் பிளக் எங்க பேட்டண்ட்னு பஜாஜ் போனாங்க, 2008 பிப்ரவரில சென்னை ஹைகோர்ட் ஒத்தை நீதிபதி தடை போட்டார், 2009 மே மாசம் ரெண்டு நீதிபதி பெஞ்ச் அந்த தடைய நீக்குச்சு, செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் வண்டி வித்துக்கட்டும், கணக்கு வெச்சுக்கட்டும், விசாரணைய சீக்கிரம் முடிங்கன்னு சொல்லுச்சு. இதுல பெரிய வித்தியாசம் என்னன்னா நீதிபதி ஏன் அப்படி முடிவு பண்ணார்னு பக்கம் பக்கமா எழுதணும், அத படிச்சு மேல் கோர்ட் இந்த எடத்துல தப்புன்னு சொல்ல முடியும். ஜூரி காரணம் எழுதாது, ஆமா இல்லனு டிக் அடிச்சு எவ்வளவு டாலர்னு போடும். அதனாலதான் ஒருத்தர் பேட்டி குடுத்தப்புறம்தான் உள்ள என்ன ஓடுச்சுன்னே தெரிய வந்துச்சு.

நீதிபதிகளும் மனுஷங்கதான, அவங்களுக்கும் தொடர்பு இருக்கும். ஆனா அவங்க விலகினதுக்கு உதாரணம் இருக்கு. நோவார்ட்டிஸ் புற்றுநோய் மருந்து கேஸ், சென்னை பேட்டண்ட் ஆபீஸ்ல 2006ல தள்ளுபடி ஆகி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது, அதுல நீதிபதி தல்வீர் பண்டாரி 2011ல விலகிட்டார், பேட்டண்ட் வெச்சிருக்கறவங்க அமைப்பு நடத்தின கருத்தரங்குல கலந்துக்கிட்டது பத்தி பேச்சு வந்ததால. காசு வாங்கினார்னு யாரும் சொல்லல, கருத்தரங்குக்கு போனார், அவ்வளவுதான். அதுக்கே விலகினார்னா அந்த நாற்காலிக்கு அவ்வளவு மரியாதை.

சரி, இப்ப சர்வீஸ் பத்தி நேரா சொல்லிடறேன்.

முதல்ல, ஏஜெண்ட்ட மாத்த முடியுமாங்கற பயம் எனக்கு இருந்துச்சு. முடியும். ஃபார்ம் 26னு ஒண்ணு, இனிமே எனக்காக இவங்கதான் பேசுவாங்கனு கையெழுத்து போட்டு குடுத்தா போதும், புரொவிஷனல் தேதி அப்படியே நிக்கும். அந்த பழைய ஆள் முகத்துல முழிக்க வேண்டிய அவசியமே வரல. அடுத்து மேடம் அந்த மிஷின்காரரோட பப்ளிஷ் ஆன ஸ்பெசிஃபிகேஷன எடுத்து என்னோடத பக்கத்துல வெச்சு ரெண்டு நாள் உக்காந்து வரி வரியா பாத்தாங்க. அவரோடது சூடு எப்படி குடுக்கறதுங்கறது, என்னோடது முத்த எப்படி நிறுத்தறதுங்கறது, ஒரே ஒரு எடத்துல உரசுது, அங்க என் கிளெய்ம (எது எது என் கண்டுபிடிப்புன்னு உரிமை கேக்கற வரி) கொஞ்சம் சுருக்கிடலாம்னாங்க. சுருக்க எனக்கு மனசே வரல, ரெண்டு வருஷ உழைப்பு. அப்ப அவங்க, அண்ணா, அகலமா எழுதி பின்னாடி உடையறத விட குறுகலா எழுதி நிக்கறது மேல்னு சொல்லி அந்த மிஷின்காரர் படத்தையும் என் படத்தையும் பென்சில்ல கோடு போட்டு காட்டினப்புறம்தான் ஒத்துக்கிட்டேன்.

ஸ்பெசிஃபிகேஷன் இங்கிலீஷ்லயோ இந்திலயோதான் போடணும், தமிழ்ல வாங்கமாட்டாங்க. இங்க எனக்கு ரொம்ப பிடிச்சது, கிளெய்ம் ஒவ்வொண்ணையும் தமிழ்ல சொல்லி என்னைய திருப்பி சொல்ல வெச்சாங்க. நான் சொல்றது அவங்க எழுதினதோட ஒத்து வரலன்னா வார்த்தைய மாத்தினாங்க. பத்தாசுக்கு அவங்க போட்ட வார்த்தை தப்பா இருந்துச்சு, நான்தான் சொன்னேன், நன்றிணான்னு சொல்லி மாத்திக்கிட்டாங்க. பட்டறைக்கு ஒரு தடவை நேர்ல வந்து உக்காந்து ஆளுங்க எப்படி வேலை பாக்கறாங்கனு பாத்துட்டு போனாங்க, அதுக்கு தனியா காசு கேக்கல, போற வழில தட்டுவடை செட் மட்டும் வாங்கி குடுத்தேன்.

காசு விவரம். கவர்மெண்ட் ஃபீஸ் என்னைய மாதிரி தனி ஆளுக்கு ஆன்லைன்ல போட்டா 1,600, அப்புறம் பரிசோதனை பண்ணுங்கனு கேக்கறதுக்கு 4,000. பெரிய கம்பெனின்னா 8,000, 20,000. முப்பது பக்கத்துக்கு மேலயோ பத்து கிளெய்முக்கு மேலயோ போனா கூடுதலா கட்டணும், என்னோடது அதுக்குள்ளயே முடிஞ்சுடுச்சு. மேடம் ஃபீஸ் 30,000, மூணு தவணையா வாங்கினாங்க, கவர்மெண்ட் ஃபீஸ் தனி ரசீது, அவங்க ஃபீஸ் தனி ரசீது. பழைய ஆள்கிட்ட எது கவர்மெண்ட்டுக்கு போச்சு எது அவருக்கு போச்சுன்னே எனக்கு தெரியாது.

குறையும் இருக்கு. போன் எடுக்கறது ரொம்ப கஷ்டம், காலைல கோர்ட்டுக்கு போயிட்டா சாயங்காலம் வரைக்கும் பதில் வராது, ஆபீஸ்ல இருக்கற தம்பி மெசேஜ் வாங்கி வெக்கறான், சில நேரம் சொல்ல மறந்துடறான். படம் வரையறதுக்கு அவங்க வெளிய குடுக்கறாங்க, எனக்கு அது மட்டும் மூணு வாரம் இழுத்துச்சு, நாலு மாசம்தான் கைல இருக்கறப்ப மூணு வாரம்னா வயித்துல புளிய கரைக்கும். கடைசில கெடு முடிய பத்து நாள் இருக்கும்போது ஃபைல் ஆச்சு. அவசரமா வர்றவங்க இத மனசுல வெச்சுக்கங்க, சீக்கிரமாவே போயிடுங்க. வண்டி நிறுத்த எடம் இல்ல, லிஃப்ட் இல்ல, எங்கம்மா மாதிரி முட்டி வலி இருக்கறவங்கள கூட்டிட்டு போனா சிரமம்.

இன்னொரு விஷயம், அங்க போறதுக்கு முன்னாடியே யாருக்கும் உங்க பொருள காட்டிடாதீங்க. வாட்ஸாப்ல வீடியோ போடறது, கடைக்காரர் கேட்டார்னு செஞ்சு காட்டறது எல்லாம் ஃபைல் பண்ணின அப்புறம்தான், முன்னாடியே வெளிய வந்துட்டா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும். எங்க தெருவுல ஒரு அண்ணன் அருமையா ஒரு பாலிஷ் டிரம் செஞ்சார், ஊரெல்லாம் கூப்ட்டு காட்டினார், இப்ப அது ஊர் சொத்து.

எந்த ஏஜெண்ட்கிட்ட போனாலும் பைய திறக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, என் தொழில்ல வேற யாருக்காச்சும் எழுதி குடுத்திருக்கீங்களா, இப்ப எழுதிட்டிருக்கீங்களா, உங்களுக்கோ உங்க வீட்டுக்காரங்களுக்கோ இந்த தொழில்ல பங்கு இருக்கானு. சங்கடமா இருந்தாலும் கேளுங்க. பதில எழுதி வாங்குங்க. நல்லவங்க கோவிச்சுக்கமாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா எந்திரிச்சு வந்துடுங்க. மேடம்கிட்ட இந்த கேள்வி கேக்க எனக்கு அவசியமே வரல, அதுக்காகத்தான் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், அந்த மூணு வாரத்துக்கு குறைச்சிருக்கணும், ஆனா மனசு வரல.

சனிக்கிழமை மதியம் போனா கூட்டம் கம்மி. எங்க மாமா சேகோ ஃபேக்டரிக்கு கிழங்கு தோல் உரிக்கறதுல ஏதோ ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கார், அடுத்த சனி அவர கூட்டிட்டு போறேன். என்னோடது புரொவிஷனல் தேதில இருந்து 18 மாசம் ஆனா பப்ளிஷ் ஆகும், இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, ஆனதும் நம்பர இங்கயே கீழ போடறேன், அப்ப உள்ள எப்படி வேலை செய்யுதுன்னும் எல்லாரும் பாக்கலாம்.